ரன்வே இல்லாத இடத்தில் இறக்கை விமானம்: ஏற்றுவது இருக்கட்டும், இறக்குவது எப்படி?

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். முதல் தடவையாகக் கேள்வியோடு வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஆளில்லாத சின்ன விமானம் ஒன்று செய்திருக்கிறோம். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 2.4 மீட்டர். பேட்டரி, கேமரா எல்லாம் போட்டால் 4 கிலோ. மோட்டார் பின்பக்கம். கண்மாய்களைப் படமெடுத்து, கரை எங்கே கரைந்திருக்கிறது, உள்வாயில் எவ்வளவு மண் மேவியிருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் வேலை. இதே வேலையை முதலில் குவாட்காப்டரில், அதாவது நாலு விசிறி வைத்த டிரோனில் செய்தோம். பெரிய கண்மாய் என்றால் 25 நிமிடத்துக்கு ஒரு தடவை இறக்கி பேட்டரி மாற்றியே பொழுது சாய்ந்துவிடுகிறது. இறக்கை உள்ளது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாராளமாக நிற்கும் என்று இதற்கு மாறினோம்.

மாறிய பிறகுதான் உறைத்தது, இதை எங்கே ஓட்டி ஏற்றுவது? எங்கள் பக்கம் கரிசல், கோடையில் வெடிப்புக்குள் முழங்கால் வரை போகும். மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேலம். இருக்கிற ஒரே சமதளம் தார் ரோடு, அதன் ஓரத்தில் மின்கம்பி, நடுவில் டவுன் பஸ். சரி, கையால் எறிவோம் என்று நண்பன் ஓடிப் போய் எறிந்தான். பத்தடி தூரம் போய் மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. ஒட்டி, திரும்ப எறிந்து, திரும்ப விழுந்தது.

இதற்கிடையில் ஸ்கேன் ஈகிள் என்று ஒரு அமெரிக்க விமானத்தின் வீடியோ பார்த்தேன். ஒரு கம்பத்திலிருந்து கயிறு தொங்குகிறது, விமானம் நேராகப் போய் அந்தக் கயிற்றில் இறக்கையை மோதி அப்படியே தொங்கிவிடுகிறது. அது நிஜமா, இறக்கை எப்படிப் பிய்ந்து போகாமல் இருக்கிறது? அதை நாமே செய்ய முடியுமா? முடியாதென்றால் வேறு என்ன வழி? கையில் இருப்பது பதினைந்தாயிரம் ரூபாய், அதுவும் மூன்று பேர் பங்கு.

அளவுச்சங்கிலி:

தம்பி, ஏற்றுவதை மட்டும் நான் சொல்கிறேன், இறக்குவதற்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பத்து வருடமாக சர்வே வேலையில் இதைத்தான் இழுத்துக்கொண்டு அலைகிறேன்.

நண்பர் எறிந்தது விழுந்ததில் ஆச்சரியமே இல்லை. உங்கள் எடைக்கும் இறக்கைக்கும் குத்துமதிப்பாக வினாடிக்கு 12 மீட்டருக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்குவதை விட்டுவிடும். பத்திரமாகப் பறக்க 15 வேண்டும், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். ஆள் ஓடி வந்து எறிந்தாலும் 8 மீட்டர் வேகம் கொடுத்தால் பெரிய விஷயம். வேகத்தில் பார்த்தால் பாதி கொடுத்துவிட்ட மாதிரி தெரியும். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, அந்தக் கணக்கில் வேண்டியதில் கால்பங்குக்குச் சற்று மேலேதான் கொடுத்திருக்கிறார். 4 கிலோவை 15 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 450 ஜூல் தேவை. அதே விமானத்தைக் கயிறு கட்டி நாலாவது மாடிக்குத் தூக்குவதற்குச் சமம், அதையும் ஒரு நொடிக்குள் செய்தாக வேண்டும். கை எறிதல் எல்லாம் அமெரிக்க ராணுவத்தின் ராவன் மாதிரி 2 கிலோ ஆளில்லா விமானத்துக்குச் சரி. அதே வகையில் பூமா என்ற விமானம் 6 கிலோவுக்கு மேல் இருந்தும் கையால் எறிகிறார்களே என்று கேட்பீர்கள். அதன் இறக்கை 2.8 மீட்டர், அகலமும் அதிகம், ரொம்ப மெதுவாகவே மிதக்கும். உங்களுடையது அப்படி இல்லை.

வழி ஒன்றுதான், உண்டிவில். சின்ன வயதில் ஓணான் அடித்ததேதான், கொஞ்சம் பெரிதாக. லேடெக்ஸ் ரப்பர் குழாய் 10 மீட்டர், அதன் முனையில் நைலான் கயிறு 15 மீட்டர். ரப்பரின் மறுமுனை தரையில் அடித்த கடப்பாரையில். இழுக்கும்போது நடுவில் மீன்கடைத் தராசு ஒன்றை மாட்டிப் பாருங்கள், 10 கிலோ காட்டும்வரை, ஏறக்குறைய 15 மீட்டர் நீட்சி வரை இழுத்தால் போதும். அதில் சேர்வது 700 ஜூல் சொச்சம், மூன்றில் ஒரு பங்கு உராய்விலும் ரப்பருக்குள்ளேயும் வீணாய்ப் போனாலும் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். விமானத்துக்கும் நோகாது. விடுபடும் கணத்தில் விழும் விசை அதன் எடையைப் போல் இரண்டரை மடங்குதான். கேமரா தாங்கும்.

இரண்டு பிவிசி குழாயை இணையாக வைத்து 20 டிகிரி சாய்வில் ஒரு சறுக்குப் பாதை போடுங்கள். விமானத்தின் வயிற்றில் கொக்கி, எடைமையத்துக்குச் சற்று முன்னால். பின்னால் வைத்தீர்களென்றால் கயிறு இழுத்ததும் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கி, மல்லாக்க விழும். கொக்கி திறந்த வாயாக இருக்கட்டும், ரப்பர் தளர்ந்ததும் வளையம் தானாகக் கழன்றுவிடும்.

அப்புறம், இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மோட்டார் பின்பக்கம். பாதையில் இருக்கும்போதே அதைச் சுற்றவிடாதீர்கள். விமானத்தைத் தானாக ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருளில் இதற்கென்றே அமைப்பு இருக்கிறது. முன்னோக்கி ஒரு உதைப்பு வந்ததை அதுவே உணர்ந்து, நீங்கள் சொன்ன அளவு தாமதித்து, பிறகுதான் த்ராட்டில் கொடுக்கும். அரை வினாடி தாமதம் வையுங்கள். கயிறு ப்ரொப்பெல்லரில் சிக்காது, உங்கள் விரலும் சிக்காது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் இந்தத் தாமதத்தை வைக்க மறந்து, வலது கை நடுவிரலில் ஏழு தையல் போட்டுக்கொண்டார்.

கடப்பாரை ஒன்று போதாது, இரண்டு அடியுங்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, கட்டி. மழை பெய்த கரிசலில் ஒரு தடவை ஒற்றைக் கடப்பாரை பிடுங்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. முழங்காலுக்குக் கீழே அந்த வடு இன்னும் இருக்கிறது. ரப்பரின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலில் பக்கவாட்டில் உட்கார வையுங்கள்.

கடைசியாக, காற்று. எதிர்க்காற்று வினாடிக்கு 5 மீட்டர் இருந்தால் தரையைப் பொறுத்து நீங்கள் கொடுக்க வேண்டியது 10 மீட்டர் வேகம்தான். 450 ஜூல் 200 ஆகிவிடும். அதாவது காற்று பாதிக்கு மேல் சும்மா கொடுக்கிறது. அதனால் திசை பார்க்காமல் பாதையை நிறுத்தாதீர்கள்.

கப்பல்காரன்:

ஸ்கேன் ஈகிள் கயிறு நிஜம்தான். எனக்கு அது பழக்கமானது வேறு வழியில். நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். 2009 ஏப்ரலில் சோமாலியாப் பக்கம் மேர்ஸ்க் அலபாமா கப்பலின் கேப்டனைக் கொள்ளையர்கள் உயிர்காப்புப் படகில் கொண்டுபோனார்களே, அப்போது பெயின்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மேலிருந்து படமெடுக்கப் பயன்படுத்தியது இந்த ஸ்கேன் ஈகிளைத்தான். அன்றைக்கு எங்கள் கப்பலில் எல்லாருக்கும் அதே பேச்சு, அப்படித்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

இதில் வேடிக்கை, அது பட்டாளத்துக்காகப் பிறந்ததே இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் பிங்கன் என்ற சின்ன ஊரில் இருக்கிற இன்சிட்டு நிறுவனம், டூனா மீன்பிடிக் கப்பல்களுக்காக யோசித்தது அது. அந்தக் கப்பல்களில் மீன்கூட்டம் தேட ஹெலிகாப்டர் வைத்திருப்பார்கள், செலவும் ஆபத்தும் அதிகம். அதற்குப் பதிலாக ஆளில்லாத சின்ன விமானம். மீன்பிடிக் கப்பலில் ரன்வேக்கு எங்கே போவது? அங்கிருந்து பிறந்ததுதான் கயிறு யோசனை.

சரி, இறக்கை ஏன் பிய்வதில்லை? வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கயிறு இறக்கையின் முன் விளிம்பில் எங்கே பட்டாலும் அந்தச் சாய்வில் வழுக்கிக்கொண்டு முனைக்குப் போகும். முனையில் ஒரு கொக்கி, கயிறு அதற்குள் நுழைந்ததும் பூட்டிக்கொள்ளும். இப்போது விமானம் ஒரு முனையில் மட்டும் பிடிபட்டிருக்கிறது, ஆகையால் நேராக நிற்காமல் கயிற்றைச் சுற்றி வட்டமடிக்கிறது. மரத்தில் கட்டின கன்றுக்குட்டி ஓடிப் பார்த்து, கயிறு தீர்ந்ததும் சுற்றி வருமே, அது மாதிரி. கயிறும் விறைப்பாகக் கட்டியதல்ல, இழுத்தால் கொடுக்கும். வேகம் எல்லாம் ஒரு அதிர்ச்சியில் போகாமல் சுற்றிலும் இழுவையிலும் கரைகிறது. 20 கிலோ சொச்சம் எடை, 3.1 மீட்டர் இறக்கை, 15 மீட்டர் உயரக் கம்பம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் இதில் உண்மையான கெட்டிக்காரத்தனம் கொக்கியில் இல்லை. குறி தவறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கயிற்றைத் தவறவிட்ட விமானம் கப்பலின் பக்கவாட்டில் கடலுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரலாம். இதற்கு முந்தைய ஏற்பாடு அப்படி இல்லை. 1980களின் கடைசியில் அயோவா வகைப் பெரிய போர்க்கப்பல்களில் பயனீர் என்று ஒரு விமானம் வைத்திருந்தார்கள், 200 கிலோ அளவுக்கு எடை. ராக்கெட் உந்தி ஏற்றுவார்கள், பின்தளத்தில் பெரிய வலை கட்டி அதற்குள் பறக்கவிட்டுப் பிடிப்பார்கள். அங்கே குறி தவறினால் நேரே கப்பலின் இரும்பில் போய் மோதும். அவ்வளவு தொல்லையிலும் அதை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம், பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல அதைவிட நல்ல கண் கிடையாது. 1991 வளைகுடாப் போரில் ஃபைலாகா தீவில் இருந்த இராக்கியச் சிப்பாய்கள் தலைக்கு மேலே இந்த விமானத்தைப் பார்த்ததும், அடுத்து குண்டுதான் என்று தெரிந்து அதனிடமே கைதூக்கிச் சரணடைந்தார்கள். விமானத்திடம் மனிதர்கள் சரணடைந்த கதை அது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்களே செய்ய முடியுமா? கயிறும் கம்பமும் முடியும். ஆனால் கம்பத்தின் உச்சியில் ஒரு ஜிபிஎஸ், விமானத்தில் ஒரு ஜிபிஎஸ், இரண்டும் ஒன்றையொன்று ஒப்பிட்டு, கம்பத்திலிருந்து விமானம் எத்தனை சென்டிமீட்டர் விலகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சாதாரண ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீட்டர் தப்பாகக் காட்டும், உங்கள் ஒரு பக்க இறக்கையே 1.2 மீட்டர். தவிர உங்கள் இறக்கை நேராக இருந்தால் கயிறு வழுக்காது, பட்ட இடத்திலேயே அறுக்கும்.

பழைய_இரும்பு:

அளவுச்சங்கிலி அண்ணன் உண்டிவில்லோடு நிறுத்திவிட்டார். ஒரு கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1998 ஆகஸ்ட் 20 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து லைமா என்ற ஏரோசோண்ட் வகை ஆளில்லா விமானம் கிளம்பியது, 13 கிலோ சொச்சம். அதை ஏற்றியது எப்படி தெரியுமா? காரின் கூரையில் ஒரு தாங்கி, அதில் விமானம், காரை வேகமாக ஓட்டினார்கள், போதுமான வேகம் வந்ததும் விட்டுவிட்டார்கள். 26 மணி 45 நிமிடம் கழித்து, 3,270 கிலோமீட்டர் தாண்டி ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவில் வயிற்றால் புல்லில் சறுக்கி இறங்கியது. அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஆளில்லா விமானம் அதுதான். அதைச் செய்ததிலும் மேலே சொன்ன அதே இன்சிட்டுக்காரர்களுக்குப் பங்கு உண்டு. அதனால் தார் ரோடும் ஒரு ஆம்னி வேனும் இருந்தால் ஏற்றிவிடலாம், ஆனால் டவுன் பஸ் வரும் ரோட்டில் தயவுசெய்து வேண்டாம்.

இறக்குவதற்கு எல்லாரும் முதலில் நினைப்பது பேராசூட். நம் நாட்டில் அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. டிஆர்டிஓவின் பெங்களூர் ஆய்வகம் செய்த லக்ஷ்யா, ஏவுகணைகளுக்கு இலக்காகப் பறக்கும் விமானம், ராக்கெட் உந்தி ஏறும், பேராசூட்டில் இறங்கும். கடலில் விழுந்தால் மிதக்கும், தரையில் விழுந்தால் மூக்கு நசுங்கும். அந்த மூக்கை நசுங்குவதற்காகவே செய்திருக்கிறார்கள், மிச்ச உடம்பு பிழைக்கும். அதே ஆய்வகத்தின் நிஷாந்த் இன்னும் பெரியது, ஏறக்குறைய 380 கிலோ. டாட்ரா லாரியின் மேல் தண்டவாளம் மாதிரி ஒரு பாதை, அதில் நீரழுத்தமும் காற்றழுத்தமும் சேர்ந்து எறியும். இறங்குவது பேராசூட், அடியில் காற்றுப் பை. ராணுவம் நான்கு வாங்கியது, 2015 நவம்பருக்குள் நான்கும் விழுந்து போயின, அத்தோடு மேலும் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். பழியை முழுக்க இறக்கும் முறையின் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், 2014 டிசம்பரில் அதே விமானத்துக்குச் சக்கரம் வைத்து பஞ்சி என்று பறக்கவிட்டார்கள். ரன்வே வேண்டாம் என்று ஆரம்பித்தவர்களே திரும்பி ரன்வேயைத் தேடிப் போனார்கள்.

உங்கள் 4 கிலோவுக்குக் கணக்குப் போடுகிறேன். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டுமானால் 2 மீட்டர் விட்டத்தில் பேராசூட் வேண்டும். 5 மீட்டர் வேகம் என்பது விமானத்தை நெஞ்சு உயரத்திலிருந்து கைவிட்டால் வருகிற அடி. தாங்கலாம், கேமரா கீழே பார்த்து இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. அடுத்தது காற்று. 60 மீட்டர் உயரத்தில் திறந்தால் தரைக்கு வர 12 வினாடி. 6 மீட்டர் காற்று அடித்தால் 72 மீட்டர் தள்ளிக்கொண்டு போகும். உங்கள் ஊரில் அந்த 72 மீட்டரில் என்ன இருக்கும்? கருவேலமரம். விழுந்த பிறகும் பேராசூட் காற்றைப் பிடித்து விமானத்தை முள்ளில் தரதரவென்று இழுக்கும், ஓடிப் போய் அமுக்க ஒரு ஆள் வேண்டும்.

பேராசூட்டைத் தரை தொடவிடாமலே பிடித்தவர்களும் உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் லைட்னிங் பக் என்ற ஆளில்லா ஜெட் உளவு விமானங்களை டிசி 130 விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கவிட்டுக் கொண்டுபோய் வானத்திலேயே விடுவார்கள். வேலை முடிந்ததும் அது பேராசூட்டை விரிக்கும், ஒரு ஹெலிகாப்டர் வந்து அந்தப் பேராசூட்டைக் கொக்கியால் அள்ளிக்கொண்டு போகும். கேட்டால் சர்க்கஸ் மாதிரி இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் சரியாகவே நடந்தது. டாம் கேட் என்று பெயர் வைத்த ஒன்று 68 தடவை போய் வந்தது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு, கிரெம்லின்ஸ் என்ற அமெரிக்கத் திட்டத்தில், பறக்கும் சி 130 சரக்கு விமானமே ஒரு ஆளில்லா விமானத்தை வானத்தில் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது 2021 அக்டோபரில்தான். அதற்கு முந்தைய வருடம் ஒன்பது தடவை முயன்று ஒன்பதும் தவறியது.

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அண்ணே, தராசு யோசனை அருமை, நாங்கள் ரப்பரைக் குத்துமதிப்பாக இழுக்கவிருந்தோம்.

கப்பல்காரன் அண்ணன் சொன்னதைப் பார்த்துக் கயிறு ஆசையை விட்டுவிட்டேன், எங்கள் இறக்கை நேர் இறக்கைதான். ஆனால் ஆப்பிரிக்காவில் ரத்தம் கொண்டுபோகிற டிரோன் ஒன்று இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பியில் மாட்டுகிறதே, அது எளிதாகத் தெரிகிறது. வாலில் ஒரு கொக்கி மட்டும்தானே?

எதிர்க்கட்சி:

"கொக்கி மட்டும்தானே" என்று எழுதியதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன்.

அது ஜிப்லைன். 2016இல் ருவாண்டாவில் முஹாங்கா என்ற இடத்தில் ஆரம்பித்தார்கள், மலைநாடு, மழைக்காலத்தில் ரோடு நம்ப முடியாது, ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் வேண்டும். விமானம் ஆஸ்பத்திரியில் இறங்குவதே இல்லை. மேலே வட்டமடித்து, பெட்டியைக் காகிதப் பேராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதாவது, இறக்குவது என்ற தலைவலியை ஒரே ஒரு இடத்தில், தங்கள் சொந்த முற்றத்தில் மட்டும் வைத்துக்கொண்டார்கள். நாடு முழுக்க எங்கும் எந்த ஏற்பாடும் தேவையில்லை. கம்பியைவிட இதுதான் பெரிய யோசனை என்பேன்.

அந்தக் கம்பியும் நீங்கள் நினைக்கிற மாதிரி கட்டிவைத்த கொடிக்கயிறு இல்லை. விமானம் நெருங்கி வரும்போது எங்கே வருகிறது என்று பார்த்து, கடைசி நொடியில் இரண்டு கைகள் கம்பியைத் தூக்கிக் கொக்கியின் வழியில் கொண்டுபோய் வைக்கும். விமானம் கம்பியைத் தேடுகிறது, கம்பியும் விமானத்தைத் தேடுகிறது. இரண்டு பக்கமும் சென்டிமீட்டர் ஜிபிஎஸ். உங்கள் பதினைந்தாயிரத்தில் அந்தக் கையின் மோட்டாரே வராது.

எல்லாரும் கவண், கயிறு, குடை என்று பேசுகிறீர்கள், ஒருவரும் குவாட்பிளேனைச் சொல்லவில்லையே? இறக்கையில் நிமிர்ந்த நாலு மோட்டாரை வையுங்கள், நேராக ஏறட்டும், போகட்டும், வந்து நேராக இறங்கட்டும். ஐடியாஃபோர்ஜின் ஸ்விட்ச் அப்படித்தான் இறங்குகிறது, 2021இல் நம் ராணுவமே அதை வாங்கியது. பத்துக்குப் பத்தடி இடம் போதும். முள்காடு என்றால் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதன் மேலேயே இறக்கலாம்.

அளவுச்சங்கிலி:

எதிர்க்கட்சி ஐயா, காசு இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன், இப்போது என் சொந்த வேலைக்கு வைத்திருப்பதும் அதுதான். ஆனால் தம்பியின் விமானத்தில் அதை ஒட்டினால் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, மோட்டாரைத் தாங்கும் குழாய் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ கூடும். மேலே ஏறிய பிறகு அந்த ஒரு கிலோ சும்மா உட்கார்ந்து சவாரி செய்யும். அதோடு, இறக்கையில் மிதந்து போக 150 வாட் போதும் என்றால் அந்தரத்தில் நிற்க 800, 900 வாட் கேட்கும், பேட்டரி தீரும் நேரத்தில், திரும்பி வந்து இறங்கும்போதுதான் அதைக் கேட்கும். எதிர்க்காற்றில் கடைசிச் சொட்டு வரை பறந்துவிட்டு வந்து அந்தரத்தில் பேட்டரி கவிழ்ந்து விழுந்தவை இரண்டைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி, நீங்கள் எல்லாரும் ஏன் தரையை மறந்தீர்கள் என்று தெரியவில்லை. ரன்வே வேண்டாம் என்றால் சமதளம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. வேகத்தைக் கரைக்க உங்களுக்கு நீளம் வேண்டும், அவ்வளவுதான். எதிர்க்காற்றில் தரை வேகம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலை 2 மீட்டர் கொடுத்து நிறுத்தினால் எடையைப் போல் இரண்டரை மடங்கு அடி, உண்டிவில் கொடுத்த அதே அளவு. கருவேலஞ்செடி ஒரு அடிக்குள் நிறுத்தினால் 17 மடங்கு. அதே விமானம், அதே வேகம். புல்லில் 15 மீட்டர் சறுக்கினால் மூன்றில் ஒரு பங்கு எடை அளவுக்குத்தான் இழுக்கும், காகிதக் கப்பல் மாதிரி நிற்கும். கண்மாய்க்குத்தானே போகிறீர்கள்? தண்ணீர் வற்றியதும் உள்வாய் ஓரத்தில் கோரையும் அறுகும் படர்ந்த இடம் ஒரு துண்டாவது இருக்கும். சக்கரத்துக்கு அது ஆகாது, வயிற்றுக்கு ஆகும்.

ப்ரொப்பெல்லரை மடங்குவதாகப் போடுங்கள், மோட்டார் பின்பக்கம் என்பதால் நிற்கும்போது படுக்கையாக நிற்கட்டும். கேமராவை உடம்புக்குள் இழுத்துப் பதியுங்கள். இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டீர்கள், 2021 டிரோன் விதிகளில் சிறிய வகை ஆகிவிடும், பதிவு விஷயத்தையும் ஒரு கண் பாருங்கள்.

கரிசல்காட்டான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

உண்டிவில் வேலை செய்கிறது! முதல் தடவை காலால் மிதித்து விடுவிக்கிற பூட்டு சிக்கிக்கொண்டு மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். இரண்டாவது தடவை போனது பாருங்கள், சத்தமே இல்லாமல் போய், அரை வினாடி கழித்து மோட்டார் பிடித்தது. இதுவரை 11 தடவை ஏற்றியாகிவிட்டது. தராசில் 10 கிலோ கணக்கு சரியாக இருந்தது, காற்று நன்றாக அடித்த இரண்டு நாள் 7 கிலோவிலேயே விட்டோம்.

அப்படியும் வலை ஆசை விடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீன்வலை வாங்கி இரண்டு மூங்கிலில் 5 மீட்டர் அகலத்துக்குக் கட்டினோம். தானாக வந்து இறங்கச் சொன்னால் முதல் தடவை வலைக்கு மேலே போனது, இரண்டாவது தடவை இடது மூங்கிலை உரசிக்கொண்டு போனது. இரண்டு மூன்று மீட்டர் தப்பு என்று சொன்னது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மூன்றாவது தடவை முயலவில்லை, வலையை மாமாவிடம் கொடுத்துவிட்டோம்.

கடைசியில் வயிறுதான். கண்மாய்க்குள் கோரை படர்ந்த இடத்தில் 40 மீட்டர் நீளத்தைக் காலால் நடந்து பார்த்து, கல்லும் வேரும் பொறுக்கினோம். ஒன்பது தடவை நன்றாகச் சறுக்கியது, ஒரு தடவை ஆட்டுக்குட்டி குறுக்கே வந்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று, ஒரு தடவை மடலை அசைக்கிற குட்டி மோட்டார், சர்வோ, ஒன்று பழுதாகிப் போனது.

அளவுச்சங்கிலி:

பிரமாதம். அடியில் என்ன ஒட்டினீர்கள்? வெறும் ஃபோமில் சறுக்கினால் பத்துத் தடவைக்குள் தேய்ந்துவிடும்.

கரிசல்காட்டான்:

ஓட்டையான பிளாஸ்டிக் குடம் அண்ணே. அம்மாவிடம் கேட்டு வாங்கி, இடுப்புப் பக்கத்தை நீளவாக்கில் வெட்டினோம், அந்த வளைவு விமானத்தின் வயிற்றுக்கு அப்படியே பொருந்தியது. 90 கிராம்தான். நீலக் குடம் என்பதால் கோரைக்குள் கிடந்தாலும் தூரத்திலேயே தெரிகிறது.